பள்ளி மூடும் பதினோரு வாரங்கள்: டே கேம்ப்பை நம்பி இருவரும் வேலைக்குப் போக முடியுமா?

கேட்ட கேள்வி இதுதான்: "நியூஜெர்சிக்கு வந்து எங்களுக்கு இது முதல் கோடை. கணவன் மனைவி இருவருக்கும் முழுநேர வேலை. பிள்ளைகளுக்கு 6 வயது, 10 வயது. ஜூன் மூன்றாம் வாரம் பள்ளி மூடினால் செப்டம்பரில்தான் திறக்குமாம். டே கேம்ப்களை மட்டும் நம்பி இந்தக் காலத்தை ஓட்ட முடியுமா? எந்த மாதிரி கேம்ப், எவ்வளவு செலவாகும், வரியில் ஏதாவது திரும்பி வருமா?"

முடியும். இங்கே ஏராளமான குடும்பங்கள் அப்படித்தான் ஓட்டுகின்றன. நான் ஒரு டவுன்ஷிப்பின், அதாவது உள்ளூர் நகராட்சியின், ரெக்ரியேஷன் (விளையாட்டு, பொழுதுபோக்கு) துறையில் கோடை முகாம்களுக்கான பதிவு, ஆள் சேர்ப்பு வேலைகளைப் பார்த்தவள். இப்போது அங்கே இல்லை. அதனால் எந்தக் கேம்ப்பையும் விற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டே கேம்ப் என்பது பிள்ளைகள் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் கோடை முகாம். டே கேர் என்பது பெற்றோரின் வேலை நேரத்தைக் கணக்கில் வைத்து உருவானது. கேம்ப் அப்படி உருவானதல்ல. அமெரிக்காவின் முதல் முகாம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1861-இல் கனெக்டிகட்டில் ஃப்ரெடெரிக் கன் என்ற பள்ளித் தலைவர் தன் மாணவர்களைக் கடலோரம் வரை நடத்தி அழைத்துப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்ததைத்தான். பிள்ளைகள் வெயிலும் காற்றும் படட்டும் என்பதுதான் அதன் நோக்கம். அப்பா அம்மாவுக்கு ஐந்தரை மணிக்கு மீட்டிங் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் கேம்ப்பின் நேரம், வாரக் கணக்கு, பணம் திருப்பித் தரும் விதி எல்லாவற்றிலும் அந்தச் சாயல் இருக்கிறது. ஆகவே "எந்தக் கேம்ப் நன்றாக இருக்கும்?" என்று தொடங்காதீர்கள். ஒரு காலண்டரை எடுத்து, "எந்த வாரம், எந்த மணி நேரம் யாரும் இல்லை?" என்று தொடங்குங்கள். கேம்ப் தேர்வு அதற்கு அப்புறம்தான்.

நியூஜெர்சியில் பல பள்ளிகள் ஜூன் 20-ஐ ஒட்டி மூடி, லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கட்கிழமை விடுமுறை) கழிந்து திறக்கும். 2026-இல் லேபர் டே செப்டம்பர் 7. அதாவது ஜூன் 22 முதல் செப்டம்பர் 4 வரை சரியாகப் பதினோரு வாரங்கள். (டெக்சஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே மே கடைசியிலேயே மூடி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடுவார்கள்.) இந்தப் பதினோரு வாரத்தையும் ஒரே கேம்ப் மூடிக் கொடுக்காது. டவுன்ஷிப் நடத்தும் கேம்ப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓடும். ஆகஸ்ட் நடுவில் கடையைக் கட்டிவிடுவார்கள். காரணம் எளிது: கவுன்சிலர்களாக, அதாவது கேம்ப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களாக, வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஆகஸ்ட் கடைசியில் அவர்களுக்குக் கல்லூரி திறந்துவிடும். கேம்ப் நடக்கும் பள்ளிக் கட்டடத்தையும் கழுவி, மெழுகி, ஆசிரியர்களிடம் திருப்பித் தர வேண்டும்.

எனவே ஆகஸ்ட் கடைசி இரண்டு மூன்று வாரங்கள்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல். ஜூலைக்கு இடம் கிடைப்பது எளிது. ஆகஸ்ட் 24-க்கு இடம் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். நான் எல்லாருக்கும் சொல்வது, கோடையைப் பின்னாலிருந்து நிரப்புங்கள் என்பதுதான். அந்த வாரங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பள்ளி திறக்கும் வரை இயங்கும் ஒய்எம்சிஏ கிளை ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டர்கேர் போன்ற டே கேர் நிறுவனங்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, 12 வயது வரை, கோடைத் திட்டம் நடத்துகின்றன. டே கேர் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் இடம் என்பதால் ஆகஸ்ட்டில் கைவிடாது. மூன்றாவது, உங்கள் சொந்த விடுமுறை. குடும்பமாக எங்காவது போவதென்றால் ஜூலையில் போகாமல் அந்த வாரங்களில் போங்கள். இருவரும் ஒன்றாக லீவு போடாமல் ஆளுக்கு ஒரு வாரம் போட்டால் இரண்டு வாரம் கழிந்துவிடும். இனிமையான யோசனை இல்லைதான், ஆனால் வேலை செய்யும்.

ஊருக்கு அனுப்பிவிடலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். தாத்தா பாட்டிக்குச் சந்தோஷம், பிள்ளைக்குத் தமிழ் வரும். ஆனால் தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிடும். நம் பிள்ளை ஜூலையில் போய் இறங்கும்போது மாமா மகனும் சித்தி மகளும் பள்ளியில் இருப்பார்கள். பகல் முழுக்கத் தாத்தாவும் டிவியும்தான். மூன்று நான்கு வாரம் தாங்கும், அதற்கு மேல் இரு பக்கமும் அலுத்துவிடும். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை விமான டிக்கெட் விலையும் உச்சத்தில் இருக்கும். தாத்தா பாட்டி இங்கே வருவது வேறு கதை. அவர்கள் வீட்டில் இருந்தால் கேம்ப் முடியும் மூன்று மணிக்கும் நீங்கள் வரும் ஆறு மணிக்கும் நடுவில் இருக்கும் ஓட்டை அடைபடும். ஆனால் கார் ஓட்டத் தெரியாத தாத்தாவால் கேம்ப்புக்குப் போய் அழைத்துவர முடியாது. அப்போது பஸ் விடும் கேம்ப்பாகப் பார்க்க வேண்டும். பகல் முழுக்க இரண்டு பிள்ளைகளையும் எழுபது வயதுக்காரர்களிடம் பதினோரு வாரம் விட்டுவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, ஒரு நாளின் கணக்கு. கேம்ப் விளம்பரத்தில் "முழு நாள்" என்று இருந்தால் அது பெரும்பாலும் 9 முதல் 3 அல்லது 4 மணி வரைதான். நியூஜெர்சியின் எடிசனில் வீடு, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஆபீஸ் என்றால் காலை ஏழரைக்கு ரயில் ஏற வேண்டும், மாலை ஆறுக்கு இறங்குவதே அதிர்ஷ்டம். இந்த இடைவெளிக்காகத்தான் எக்ஸ்டெண்டட் கேர் என்று தனியாக விற்கிறார்கள். காலையில் 7 அல்லது 7.30-க்குத் திறந்து, மாலை 5.30 அல்லது 6 வரை வைத்துக்கொள்வார்கள். அதற்குத் தனிக் கட்டணம். கேம்ப் விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். வாரம் 300 டாலர் என்று சொல்லும் கேம்ப், காலை மாலைக் கட்டணம் சேர்ந்ததும் 400-ஐத் தொடும். "எங்களிடம் 8 முதல் 6 வரை எல்லாம் சேர்த்து 380" என்பவர் அப்போது மலிவாகிவிடுவார்.

எக்ஸ்டெண்டட் கேருக்கு இடங்கள் தனிக் கணக்கு என்பதையும் கவனியுங்கள். கேம்ப்பில் இடம் இருக்கும், மாலை நேரத்தில் இருக்காது. பதிவு செய்யும்போது இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட வேண்டும். தாமதமாக வந்தால் நிமிடக் கணக்கில் அபராதம் போடும் இடங்களும் உண்டு. நியூஜெர்சி டிரான்சிட் ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது என்பதெல்லாம் அங்கே செல்லாது. பிக்கப் பட்டியலில் உங்கள் இருவர் பெயரைத் தவிர, அவசரத்துக்கு ஓடி வரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் கொடுத்துவையுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவரிடம், அடையாள அட்டை காட்டாதவரிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. இன்னொன்று, இரண்டு பிள்ளைகளையும் ஒரே இடத்தில் போடுங்கள். பெரியவனுக்கு ஒரு கேம்ப், சின்னவளுக்கு ஒரு கேம்ப் என்று பிரித்தால் தினமும் நான்கு முறை கார் எடுக்க வேண்டும். ஜூலை இரண்டாம் வாரமே உங்கள் இருவருக்கும் சண்டை வந்துவிடும்.

சரி, என்னென்ன வகை இருக்கிறது? மலிவானது டவுன்ஷிப் கேம்ப். வாரம் 150 முதல் 250 டாலருக்குள் பல ஊர்களில் கிடைக்கும். உள்ளூர்வாசிகளுக்கு முதல் உரிமை, அதற்கு மின்கட்டண ரசீது போன்ற முகவரிச் சான்று கேட்பார்கள். விளையாட்டு மைதானம், கைவேலை, வாரம் ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இருக்காது. அடுத்தது ஒய்எம்சிஏ, ஜேசிசி, பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப் போன்றவை. ஜேசிசி என்பது யூத சமூக மையம். மற்ற மதத்துப் பிள்ளைகளையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும் நீச்சல் குளமும் இருக்கும். இவை 300 முதல் 500 வரை ஆகலாம். அதற்கு மேலே சொந்தக் குளம், சொந்த மரங்கள், வீட்டு வாசலுக்கே பஸ் என்று இருக்கும் தனியார் கேம்ப்கள். வாரத்துக்கு எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் என்று போகும். அவற்றில் பல, குறைந்தது நான்கு வாரமாவது சேர வேண்டும் என்பார்கள். நான் சொல்லும் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) விசாரித்துக்கொள்ளுங்கள். வாரம் 400 என்று வைத்தால் இரண்டு பிள்ளைகளுக்குப் பத்து வாரத்துக்கு 8,000 டாலர். முதல் முறை இந்தக் கணக்கைப் போடும்போது எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

கட்டுப்படியாகாது என்றால் கேட்கத் தயங்காதீர்கள். ஒய்எம்சிஏ கிளைகள் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும். குறைந்த வருமானம் உள்ள, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாநில அரசின் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதை ஏற்கும் கேம்ப்களும் இருக்கின்றன. நியூயார்க் நகரத்துக்குள் வசிப்பவர்களுக்கு 2021 முதல் சம்மர் ரைசிங் என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை காலையில் பாடம், மதியம் விளையாட்டு. ஆனால் விண்ணப்பித்த எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. தேவாலயங்கள் நடத்தும் வெகேஷன் பைபிள் ஸ்கூல் மலிவு அல்லது இலவசம். நம்மவர்கள் சிலர் மதம் பார்க்காமல் அனுப்புகிறார்கள், அது அவரவர் விருப்பம். பெரும்பாலும் ஒரே வாரம், அதிலும் அரை நாள் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி இல்லை.

இப்போது என் சொந்த அபிப்பிராயம். நம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது ஸ்பெஷாலிட்டி கேம்ப்களில். கோடிங், ரோபாட்டிக்ஸ், செஸ், மேடைப் பேச்சு, அடுத்த வகுப்புக் கணக்கு. கோடையை வீணாக்கக் கூடாது என்ற பதற்றத்தில் பத்து வாரத்துக்குப் பத்துக் கேம்ப் வாங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிள்ளைக்குப் புது இடம், புது முகங்கள், புது விதிகள். வெள்ளிக்கிழமை ஒரு நண்பன் கிடைப்பான், திங்கள் அவன் இருக்க மாட்டான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாரம். உங்களுக்கும் ஒவ்வொரு வாரமும் வேறு முகவரி, வேறு நேரம், வேறு படிவம். இந்தக் கேம்ப்களில் பல மூன்று மணிக்கு முடிந்துவிடும், மாலை நேரக் காப்பும் இருக்காது.

என்னைக் கேட்டால், சலிப்பூட்டுகிற, நம்பகமான, நீண்ட நேரம் திறந்திருக்கிற ஒரே கேம்ப்பை ஆறு ஏழு வாரத்துக்கு எடுங்கள். கோடைக்கு அதுதான் முதுகெலும்பு. ரோபாட்டிக்ஸ் வேண்டுமென்றால் பெரியவனுக்கு ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்களில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வாரமாகப் பார்த்து. அதே முகங்களோடு ஆறு வாரம் ஓடியாடும் பிள்ளைதான் ஜூலை கடைசியில் "நாளைக்குக் கேம்ப் உண்டா?" என்று கேட்கும். பதிவுப் படிவத்தில் தெரிந்த ஒரு நண்பனோடு ஒரே குழுவில் போடச் சொல்லிக் கேட்க ஓர் இடம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். குழு பிரிக்கும்போது நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேம்ப் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வருவதில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூஜெர்சியில் இளையோர் முகாம்களுக்கு மாநிலச் சுகாதாரத் துறை விதிகள் வகுத்திருக்கிறது, அதன் அனுமதிச் சான்று வேண்டும். மாசசூசெட்ஸில் உள்ளூர்ச் சுகாதார வாரியம் உரிமம் தருகிறது. கலிபோர்னியாவில் பெரும்பாலான டே கேம்ப்களுக்கு மாநில உரிமமே கிடையாது. ஆகவே "லைசென்ஸ் இருக்கிறதா, யார் கொடுத்தது?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் தரும் அங்கீகாரம் கட்டாயமானதல்ல, கேம்ப் தானாக விரும்பிப் பெறுவது. இருந்தால் நல்லது. இல்லாத நல்ல கேம்ப்களும் நிறைய. அந்தச் சங்கத்தின் அளவுகோல் மட்டும் நமக்குப் பயன்படும்: டே கேம்ப்பில் 6 முதல் 8 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். 4, 5 வயதென்றால் ஆறு பேருக்கு ஒருவர்.

இந்த எண்ணைக் கேட்டதும் எல்லாக் கேம்ப்பும் சரியான பதிலைச் சொல்லிவிடும். அதற்கு அடுத்த கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கணக்கில் பதினாறு வயது உதவியாளர்களையும் பெரியவர்களாகச் சேர்த்துச் சொல்கிறீர்களா? மாலை எக்ஸ்டெண்டட் கேர் நேரத்திலும் அதே விகிதம்தானா? (பல இடங்களில் அந்த நேரத்தில்தான் ஆள் குறைவாக இருக்கும்.) போன வருடக் கவுன்சிலர்களில் எத்தனை பேர் இந்த வருடம் திரும்பி வருகிறார்கள்? பெரியவர்கள் எல்லாருக்கும் பின்னணிச் சோதனை முடிந்ததா? வெயில் கொளுத்தும் நாளில் எங்கே உட்காரவைப்பீர்கள், அங்கே ஏசி உண்டா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் யோசிக்க வேண்டிய விஷயம். ஜூலையில் நியூஜெர்சிப் புழுக்கம் சென்னையை ஞாபகப்படுத்தும். திரும்பி வரும் ஊழியர் கணக்கைப் பற்றி நான் அதிகம் வலியுறுத்துவேன். ஒரு கேம்ப்பின் தரம் அதன் இணையதளத்தில் தெரியாது, அதே இருபது வயதுப் பெண் மூன்றாவது வருடமும் அங்கே வேலைக்கு வருகிறாளா என்பதில் தெரியும்.

நீச்சல். இதை எழுதாமல் விட முடியாது. முதல் நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் சோதனை வைத்து, ஆழத்துக்கு ஏற்ப வண்ணப் பட்டை கட்டுவார்கள். நம் பிள்ளைகளில் பலர் நீந்தத் தெரியாமலே வருகிறார்கள். படிவத்தில் கௌரவம் பார்த்து "தெரியும்" என்று எழுதிவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள். சோதனை வைக்காமல் குளத்தில் இறக்கும் கேம்ப் என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். நேரமிருந்தால் வசந்த காலத்திலேயே இருவரையும் நீச்சல் வகுப்பில் போட்டுவிடுங்கள். கேம்ப்பில் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம், பல கேம்ப்களில் குளம் என்பது விளையாட்டு நேரம் மட்டுமே.

சாப்பாட்டுக்கு வருவோம். மதிய உணவை வீட்டிலிருந்து கொடுத்தனுப்பச் சொல்லும் கேம்ப்களே அதிகம், ஃப்ரிட்ஜ் இருக்காது. ஐஸ் பேக் வைத்த பைதான் துணை. வேர்க்கடலை, முந்திரி, பாதாம் கூடாது என்று பல இடங்களில் விதி இருக்கும். வேர்க்கடலைச் சட்னியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள், இட்லிப் பொடியை மறந்துவிடுவார்கள். 2023 முதல் அமெரிக்க உணவு லேபிள் சட்டத்தில் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருள் ஆகிவிட்டது. பொடியில் எள்ளும் இருக்கும், சில வீடுகளில் கடலையும் இருக்கும், மேலே நல்லெண்ணெய் வேறு. கேம்ப்பில் எள் தடை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்கே ஒவ்வாமை உண்டு என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட செயல்திட்டமும் எபிபென்னும் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். பஸ் பயணத்தன்று அந்த எபிபென் யார் பையில் இருக்கும் என்று கேளுங்கள்.

மருத்துவப் படிவம் தனித் தலைவலி. நியூஜெர்சியில் யுனிவர்சல் சைல்ட் ஹெல்த் ரெக்கார்ட் என்ற படிவத்தைப் பெரும்பாலும் கேட்பார்கள், தடுப்பூசி விவரத்தோடு. ஜூனில் குழந்தை மருத்துவர் அலுவலகத்தில் ஊரே அந்தப் படிவத்தோடு நிற்கும். ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வரி. இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள். 13 வயது ஆகாத பிள்ளையை, நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதற்காகப் பகல் கேம்ப்பில் விட்டால், அந்தச் செலவை மத்திய வரிச் சட்டம் பராமரிப்புச் செலவாக ஏற்கிறது. கால்பந்து கேம்ப், கம்ப்யூட்டர் கேம்ப் என்றாலும் சரி. இரவு தங்கும் கேம்ப் சேராது, ஒரு பகுதிகூடச் சேராது. சம்மர் ஸ்கூல், டியூஷன் சேராது. மேலே சொன்ன அடுத்த வகுப்புக் கணக்குக் கேம்ப்பை வாங்கும் முன் இதையும் யோசியுங்கள். எக்ஸ்டெண்டட் கேர் கட்டணம் சேரும். கேம்ப் தானே விடும் பஸ்ஸுக்கான கட்டணமும் சேரும், நீங்கள் கார் ஓட்டிய பெட்ரோல் சேராது.

சலுகை இரண்டு வழியில் வரும். ஒன்று, நிறுவனம் வழியாக வரும் டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ. சம்பளத்திலிருந்து வரி பிடிப்பதற்கு முன்பே எடுத்து வைக்கும் பணம். பல ஆண்டுகள் குடும்பத்துக்கு 5,000 டாலராக இருந்த உச்சவரம்பு 2026 முதல் 7,500 ஆகியிருக்கிறது. உங்கள் நிறுவனம் தன் திட்டத்தையும் அதற்கேற்ப மாற்றியிருக்க வேண்டும், மனிதவளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் 22 சதவீத வரிப் படியில் இருந்தால், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதத்தையும் சேர்த்து, 7,500-க்கு ஏறத்தாழ 2,200 டாலர் மிச்சம். அந்தப் பணம் அந்த ஆண்டிலேயே செலவாக வேண்டும், மீதியை வழக்கமாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இதில் சேரும் காலம் பெரும்பாலும் நவம்பரை ஒட்டி வரும். தவறவிட்டவர்கள் கைவிட வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேரும்போது சேரலாம். பராமரிப்புச் செலவு மாறினால் ஆண்டின் நடுவிலும் தொகையை மாற்ற வரித்துறை விதி இடம் தருகிறது, நிறுவனத்தின் திட்டமும் அனுமதித்தால்.

இன்னொரு வழி, வரித் தாக்கலில் படிவம் 2441 மூலம் கேட்கும் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழியும் தொகை. ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்கு மேல் 6,000 டாலர் வரையான செலவில் ஒரு குறிப்பிட்ட பங்கு அப்படிக் கழியும். நல்ல சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அது 20 சதவீதம், வருமானம் குறையக் குறையக் கூடும். ஆனால் எஃப்எஸ்ஏ-வில் போட்ட ஒவ்வொரு டாலரும் இந்த 6,000-இல் கழியும். 7,500-ஐ முழுதாகப் போட்டவருக்குக் கிரெடிட் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் இருவர் சம்பளத்தில் எஃப்எஸ்ஏ-தான் லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை: கணவன் மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் இருக்க வேண்டும், அல்லது ஒருவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருவது) வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர் என்றால் பொதுவாகக் கிடைக்காது. பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் ஐடிஐஎன் (வரித்துறை தரும் அடையாள எண்) எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யும் அன்றே கேம்ப்பின் வரி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிப்ரவரியில் கட்டிய ஜூலை கேம்ப் பணத்தை ஜூலையில் பிள்ளை போன பிறகுதான் எஃப்எஸ்ஏ-வில் கேட்க முடியும், கட்டியவுடன் இல்லை. போகாமல் விட்டு இழந்த டெபாசிட் எதிலும் சேராது.

பதிவு ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கிவிடும். டவுன்ஷிப் கேம்ப்களில் பிரபலமானவை திறந்த அன்றே நிரம்பும். உங்களுக்கு வெயிட்லிஸ்ட்தான் கிடைத்தது என்றால் பெயரை எடுத்துவிடாதீர்கள். ஜனவரியில் பயந்துபோய் மூன்று இடத்தில் டெபாசிட் கட்டியவர்கள், மீதிப் பணம் கட்டும் தேதி வரும்போது இரண்டை விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் மே மாதம். அந்த வாரத்தில் வெயிட்லிஸ்ட் சரசரவென்று நகரும். ஒரு போன் செய்து கேட்பவருக்கு இடம் கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கேம்ப் ஏற்காது, மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் திரும்ப விடுவார்கள். பதினோரு வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சில நாட்களாவது இப்படிப் போகும். அதற்கு லீவு மிச்சம் வையுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பேக்கப் கேர் என்றொரு சலுகை உண்டு, அவசர நாளில் குறைந்த கட்டணத்தில் வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள் அல்லது ஒரு மையத்தில் இடம் தருவார்கள். முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் அந்தக் காலை நேரத்தில் உதவும். ஜூலை 4 வாரத்தையும் பாருங்கள். 2026-இல் அது சனிக்கிழமை, பல கேம்ப்கள் வெள்ளி 3-ஆம் தேதி மூடும். உங்கள் இருவர் ஆபீஸும் அன்று மூடுகிறதா?

பெரியவனைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வயதில் இன்னும் இரண்டு கோடை கேம்ப் பிடிக்கும், அப்புறம் "சின்னப் பசங்க இடம்" என்று முகம் சுளிப்பான். 13 ஆனதும் வரிச் சலுகையும் நின்றுவிடும். வீட்டில் தனியாக விடலாமா என்றால் பெரும்பாலான மாநிலங்களைப் போல நியூஜெர்சியிலும் சட்டம் குறிப்பிட்ட வயது எதையும் சொல்லவில்லை (மேரிலாந்தில் 8 வயதுக்குக் கீழ் கூடாது என்று இருக்கிறது). ஆனால் தனியாக இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால் அலட்சியம் என்று உங்களைக் கேட்பார்கள். அந்த வயதுக்குக் கேம்ப்களில் சிஐடி என்று, கவுன்சிலர் ஆவதற்குப் பயிற்சி தரும் திட்டம் இருக்கும். 13, 14 வயதில் சேர்ப்பார்கள், சம்பளம் கிடையாது, பல இடங்களில் குறைந்த கட்டணம் வாங்குவார்கள். அதில் வரும் விண்ணப்பங்களில் அதே கேம்ப்பில் நான்கைந்து கோடை கழித்த பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் தந்தோம். இப்போது கேம்ப் தேர்ந்தெடுக்கும்போது அங்கே சிஐடி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.